தம்பலகாமத்துப் பரணில் இருந்த ஏடுகள்

பெரியப்பாவின் அந்தியேட்டி முடிந்த கிழமை, தம்பலகாமத்து வீட்டைத் துப்புரவாக்கப் போனபோதுதான் அந்தத் தகரப்பெட்டி பரணிலிருந்து கீழே வந்தது. உள்ளே பதினேழு ஏட்டுக்கட்டுகளும் நாற்பதுக்கு மேற்பட்ட பழைய புத்தகங்களும் காணி உறுதிகள் சுற்றிய ஒரு பொதியும் இருந்தன. எங்கள் பூட்டன் அந்தப் பக்கத்தில் பேர்பெற்ற பரியாரி. ஏடுகளில் பாதிக்கு மேல் வைத்தியம். மூன்று கட்டுச் சோதிடம், இரண்டு கட்டு அம்மன் குளிர்த்திப் பாட்டு. 1990 இல் எங்கள் ஆட்கள் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போனபோது பெட்டி பரணிலேயே கிடந்திருக்கிறது. திரும்பி வந்தபோது கூரை ஓடு நாலைந்து உடைந்திருந்தது. பெட்டியின் ஒரு மூலை துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. ஆனாலும் பெட்டி இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவள். பழைய பொருளைக் கண்டால் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பு ஏடுகளுக்கு என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களின் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம்.

அது ஆடி மாதம். கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. கட்டுகளில் பூஞ்சண வாசம் வந்தது. ஈரம் போகட்டும் என்று முற்றத்தில் பாய் விரித்து, கட்டுகளை அவிழ்த்து, ஓலைகளை வெயிலில் பரப்பினோம். நெல் காயப்போடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஓலைகள் வள்ளம்போல வளைந்து கிடந்தன. சிலவற்றில் துளையிலிருந்து ஓரம்வரை நீளமாக வெடிப்பு. நிமிர்த்திப் பார்த்ததில் இரண்டு ஓலை கையிலேயே முறிந்தன. முறிந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

ஓலை செத்த பொருள் மாதிரித் தெரியும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. மேற்பக்கம் வெயிலில் சட்டென்று காய்ந்து சுருங்க, கீழ்ப்பக்கம் பாயோடு ஒட்டி ஈரமாயிருக்க, நார்கள் ஒன்றையொன்று இழுத்து ஓலை வளைகிறது. நிழலில், காற்றோட்டமான அறையில், மெதுவாக உலர விட்டிருக்க வேண்டும். சற்று வளைந்ததை இரண்டு மரப்பலகைக்கு இடையில் வைத்து, மேலே ஒரு பாரமில்லாத புத்தகத்தை ஏற்றி, கிழமைக்கணக்கில் விட்டால் நிமிரும். கையால் நிமிர்த்தக்கூடாது.

இரண்டாவது பிழை எண்ணெய். ஓலை காய்ந்து முறிகிறது என்றதும் அயலிலிருந்த ஒரு வயதான அம்மா, தேங்காயெண்ணெய் தடவினால் பதமாகும் என்றார். அவர் அன்போடு சொன்னதுதான். ஒரு கட்டு முழுக்கத் தடவினோம். இரண்டு மாதத்தில் அந்தக் கட்டு பிசுபிசுத்து, தூசியெல்லாம் ஒட்டி, ஓலைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. தேங்காயெண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. ஓலையில் தங்கிக் காறிப்போகும், எறும்பையும் கூப்பிடும். ஏடு பாதுகாக்கிற இடங்களில் எலுமிச்சம்புல் எண்ணெயைப் பயன்படுத்துவதற்குக் காரணமே, அது பெரும்பாலும் பறந்துவிடும், பூச்சியும் அந்த வாசத்துக்கு அண்டாது என்பதுதான். சிங்களவர் பெங்கிரி தெல் என்று சொல்லும் சிட்ரோனெல்லா எண்ணெயும் அந்த இனத்துப் புல்லிலிருந்து வருவதே. அதையும் சொட்டுக்கணக்கில்தான் எடுக்க வேண்டும். பஞ்சில் தொட்டுப் பூசியபின் உலர்ந்த பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். பளபளக்கிற ஓலை நன்றாயிருக்கிற ஓலை என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது பிழைதான் எனக்கு இன்றும் ஆறாதது. வெயிலில் பரப்பியபோது கட்டுகள் கலந்துவிட்டன. பல கட்டுகளில் கயிறு ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது. எது எந்தக் கட்டு, எந்த ஓலைக்குப் பின் எது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. இருநூறு வருஷம் யாரோ ஒழுங்காகக் கோத்து வைத்திருந்ததை நாங்கள் ஒரு பகலில் குலைத்தோம்.

அப்புறம்தான் திருகோணமலை நகரத்தில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியரிடம் போனேன். ஏடு வாசிக்கத் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கையோடு ஒரு கட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் தொடவே இல்லை. கைகழுவி, துவாயில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை, இதை வாசிக்கிறதுக்கு முதல் எண்ண வேணும். எத்தனை ஓலை, எத்தனை வெறும் ஓலை, எத்தனை முறிஞ்சது. எண்ணி எழுதி வையுங்கோ. வாசிப்பு எங்கையும் ஓடாது.”

“மாஸ்டர், கலந்துபோச்சு. எப்பிடிப் பிரிக்கிறது?”

“கலந்தது கலந்ததுதான். அவசரப்படாமல் பிரிப்பம். முதல் அளவு பார்ப்பம்.”

அவரிடம் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதைச் சொல்லித்தருகிற ஆள் இப்போது ஊரில் குறைவு. முதலில் ஓலையின் நீளம், அகலம். பிறகு இரண்டு துளைகளுக்கும் இடையிலான தூரம். ஒரு கட்டுக்கு ஒரே அளவில்தான் துளையிட்டிருப்பார்கள், ஆகவே மில்லிமீற்றர் கணக்கில் அளந்தாலே பாதி பிரிந்துவிடும். பிறகு ஓலையின் இனம். பனையோலை தடிப்பு, சற்று முரடு. தாளிப்பனை ஓலை மெல்லியது, அகலமானது, வளைந்து கொடுக்கும். சிங்கள ஏடுகள் பெரும்பாலும் தாளிப்பனையில்தான் எழுதப்பட்டன. எங்கள் கட்டுகளில் இரண்டும் இருந்தன. பிறகு கையெழுத்து, ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்பது. கடைசியாக ஓலையின் இடப்பக்க ஓரத்தில் இருக்கும் எண்.

அந்த எண் எங்களை நன்றாகவே ஏய்த்திருந்தது. தமிழ் எண்களில் ௧ என்பது க மாதிரி, ௨ என்பது உ மாதிரி, ௭ என்பது எ மாதிரி, ௮ என்பது அ மாதிரி. பத்தின் குறியான ௰ பார்க்க ய போலவே இருக்கும். நாற்பத்துமூன்றை ௪௰௩ என்று, நாலு பத்து மூன்று என்று, எழுதியிருப்பார்கள். ஓரத்தில் இருந்ததெல்லாம் பாட்டின் முதலெழுத்து என்று நினைத்து என் மருமகன் அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தான். பாவம், நாலு நாள் வேலை. மாஸ்டர் அதைக் கலைக்கச் சொல்லவில்லை. அவன் அடுக்கிய ஒழுங்கையும் ஒரு கொப்பியில் எழுதிவிட்டுத்தான் புதிதாக அடுக்க விட்டார். இருக்கிற நிலையை எழுதாமல் எதையும் மாற்றாதே என்பது அவர் வாயால் சொல்லாமல் படிப்பித்த பாடம்.

வாசிப்பு வேறு பாடு. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. செய்யுளின் ஓசை தெரிந்தால்தான் எது எது என்று பிடிபடும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, எடுக்க ஓரம் சொரிகிறது, கட்டு அவிழ்க்க இதழ் முறிகிறது என்று தம் பாட்டை எழுதினார். முன்பு அதைப் படித்தபோது அலங்காரமாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஓலை கையில் முறிந்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. எங்கள் ஊரிலும் இந்த வேலையோடு வாழ்ந்தவர்கள் உண்டு. 1895 இல் மோகனாங்கி என்ற நாவலை எழுதிய திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னையில் சுவடி நூலகத்தில் நூலகராக இருந்தவர். இந்தக் கையும் கண்ணும் இந்த ஊருக்குப் புதிதல்ல என்பது சோர்ந்திருந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதல்.

பதினேழு கட்டில் பதினைந்தைப் பிரித்து எண்ணி முடிக்க ஏறத்தாழ ஒன்றரை வருஷம் போனது. சனி ஞாயிறு மட்டும், ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் செய்யவில்லை. கண் களைத்தால் கை தவறும்.

துப்புரவாக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் உலர் வேலை மட்டும். மென்மையான மயிர்த்தூரிகையால் நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும், நார் ஓடுகிற திசையில் தட்ட வேண்டும். குறுக்கே தேய்த்தால் மேல்தோல் உரியும். பூஞ்சணம் இருந்தால் முகமூடி போட்டு, வீட்டுக்கு வெளியே, காற்று உங்களிடமிருந்து போகிற பக்கமாக நின்று செய்யுங்கள். பூஞ்சணம் ஈரமாயிருக்கும்போது துடைக்கவே கூடாது, அப்படியே நாருக்குள் இறங்கிவிடும். காயவிட்டுத் தட்டினால் உதிரும். இதற்கும் அழுக்குப் போகாவிட்டால் எத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து, பஞ்சில் தொட்டு, பிழிந்து, அந்தப் பஞ்சால் மெல்ல ஒற்றலாம். பார்மசியில் விற்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு எண்ணெய்கள் கலந்திருப்பதுண்டு, அது வேண்டாம். எழுத்தாணியால் கீறிய ஓலைக்குத்தான் இந்த ஈர வேலை. மையால் எழுதியதோ வர்ணப் படமோ இருந்தால் தொடாதீர்கள், கரைந்துவிடும்.

இனி மையாடல், அதாவது மங்கிய எழுத்துக்குத் திரும்பக் கரி பூசுவது. இதை எழுதும்போதே மனம் குளிர்கிறது.

வைத்தியக் கட்டு ஒன்றில் முப்பது ஓலைக்கு மேல் வெறுமையாக இருந்தது. எழுதாத ஓலை என்று ஒதுக்கி வைத்திருந்தோம். மாஸ்டர் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். மேலே கோடு கோடாக நிழல் ஓடியது. எழுத்தாணி கீறிய பள்ளம் அப்படியே இருந்தது, உள்ளே இருந்த கரி மட்டும் போயிருந்தது. ஏட்டில் எழுத்து என்பது முதலில் ஒரு கீறல்தான். கீறியபின் விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவி, மேலே படிந்ததைத் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் நின்ற கரிதான் நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள் எல்லாம் சேர்த்தார்கள். நாங்கள் நல்லெண்ணெய் விளக்கின் மேல் ஓடு கவிழ்த்துக் கரி பிடித்தோம். அதை எலுமிச்சம்புல் எண்ணெயில் தளரக் குழைத்தோம். முதலில் உண்மையிலேயே வெறுமையாக இருந்த ஒரு முகப்போலையில் தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். கறை பிடிக்கவில்லை. பிறகுதான் எழுத்துள்ள ஓலையில் தடவினோம்.

முழு ஓலையும் கறுத்துப் போனது. பெரியம்மா பக்கத்தில் நின்று “ஐயோ, இருந்ததும் போச்சுதே” என்றார். ஐந்து நிமிஷம் விட்டு, சுத்தமான பஞ்சால் இடமிருந்து வலமாக ஒருதரம் துடைத்தோம். இரண்டாம் தரம் துடைத்தபோது வரி வரியாக எழுத்து எழும்பி வந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி என்று பெரியம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். அவருடைய மாமனாரின் தகப்பன் எழுதிய கை. அவர் நாற்காலியில் இருந்துவிட்டார், பிறகு எழும்பிப் போய்ச் சாமியறையில் விளக்கேற்றிவிட்டு வந்தார்.

வாசிக்கக் கிடைத்ததைச் செய்து பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைத்திய ஏட்டில் பாதரசமும் பாஷாணமும் வரும். அளவுக்குறிகள் இன்று பலருக்கும் பிடிபடாதவை. ஏட்டைக் காப்பது வேறு, மருந்து அரைப்பது வேறு. கேட்டு வருகிறவர்களுக்கு இதை உறுதியாகவே சொல்லி அனுப்புகிறேன்.

இனிப் புத்தகங்கள். நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. 1880 களில் அச்சான ஒரு புராணம் இன்னும் வளைந்து கொடுக்கிறது. 1940 களில் வந்தது ஒன்று விரல் பட்டாலே தூளாகிறது. பழைய கடதாசியில் பருத்தி, கந்தல் நார் அதிகம். பிறகு மரக்கூழ்க் கடதாசி வந்தது, அதில் படிகாரம் சேர்த்துப் பதம் செய்தார்கள், அந்த அமிலம் உள்ளேயிருந்தே அரிக்கிறது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்த கடதாசியின் தரமும் மோசம். ஆகவே வயதைப் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். பழுப்பேறி ஓரம் நொருங்குகிறதா என்று பாருங்கள், அதற்கே முதலிடம்.

செலோடேப் ஒட்டாதீர்கள். எங்கள் புத்தகத்தில் யாரோ நல்ல மனதோடு ஒட்டியிருந்தார்கள். நாடா உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் உள்ளே இறங்கி, தேன் நிறத்தில் எழுத்தை மூடிவிட்டது. அதை எடுக்க எனக்கு இன்றும் வழியில்லை. லாமினேட் செய்வதும் அப்படித்தான், திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாமலிருப்பது நல்லது. கிழிசலுக்கு ஜப்பானியக் கோசோ மெல்லிதாளும், கோதுமை மாச்சத்தில் காய்ச்சிய பசையும் போதும். நாளை ஈரப்படுத்தினால் கழன்று வந்துவிடும். கோசோத் தாளைக் கொழும்பிலிருந்து ஒரு சிநேகிதி வாங்கி அனுப்பினார். ஒரு தாள் வருஷக்கணக்கில் வரும், அவ்வளவு சிறிய துண்டுகள்தான் தேவை. கத்தரிக்காமல் நீர்க்கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரத்தில் நார் நீண்டிருக்கும், அது நன்றாகப் பிடிக்கும். புத்தகம் கட்டுகிற கடைகளில் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. பூச்சி வராது, ஆனால் செம்பு கடதாசியை அரிக்கும். பழைய புத்தகத்தைக் கட்டக் கொடுப்பதென்றால் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஓரத்தை வெட்டி நேராக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எங்கள் புத்தகம் ஒன்றின் ஓரக் குறிப்புகள் ஒரு கடையின் வெட்டுப்பொறியில் போய்விட்டன. பூட்டன் தம் கையால் எழுதிய மருந்துப் பெயர்களின் கடைசி எழுத்துகள் எல்லாம் இல்லை.

பூச்சியில் எங்களைப் படுத்தியது இராமபாணம். வட்டமாய் ஊசி குத்தினாற்போல் துளை போட்டு, ஒரு பக்கத்தால் புகுந்து கட்டின் மறுபக்கத்தால் வரும். புதுத் துளையா பழைய துளையா என்று அறிய, கட்டை வெள்ளைத் தாளில் வைத்து இரண்டு கிழமை விடுங்கள். மாவு போல் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே உயிருண்டு. பூச்சியுருண்டை போட்டால் முட்டை சாவதில்லை, நமக்குத்தான் மூச்சு முட்டும். நாங்கள் செய்தது குளிரூட்டல். ஈரமில்லாத கட்டைத் துணியில் சுற்றி, தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டினோம். திருக்கடலூரில் மீன் வியாபாரம் செய்யும் மச்சானின் டீப் ஃப்ரீசர் ஒன்று மீனில்லாமல் காலியாக இருந்த காலம் பார்த்து, மைனஸ் 20 பாகையில் இரண்டு கிழமை வைத்தோம். ஐஸ்கட்டி போட்ட பெட்டி இதற்குச் சரிவராது, அந்த அளவுக்குக் குளிராது. வெளியே எடுத்தபின் முழுதாக ஒரு நாள் பையைத் திறக்கவே கூடாது. திறந்தால் குளிர்ந்த ஓலையில் பனித்தண்ணீர் பிடிக்கும்.

அதே ஃப்ரீசர் ஒரு கார்த்திகை மழையில் இன்னொருமுறை உதவியது. இரவில் கூரை ஒழுகி, அலுமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப்போயின. எங்கள் ஊர் மாரி ஈரத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பன்னிரண்டு புத்தகத்தை ஒரேயடியாகக் காயவைக்க இடமுமில்லை, ஆளுமில்லை. ஆகவே மூன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகச் சுற்றி உறைய வைத்தோம். உறைந்த புத்தகம் பொறுத்திருக்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, தாள்களுக்கிடையே உறிஞ்சுதாள் வைத்து, அதை மணித்தியாலத்துக்கொருதரம் மாற்றி, மின்விசிறிக் காற்று நேரே படாமல் அறையில் சுற்றவிட்டுக் காயவைத்தோம். ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரித்துப் பார்க்கிற ஆசையை அடக்கத்தான் வேண்டும். ஏடுகளைச் சுற்றியிருந்த சிவப்புத் துணி அன்றுதான் தன் குணத்தைக் காட்டியது, நனைந்த இடமெல்லாம் சாயம் இறங்கி ஓலை ஓரம் சிவந்துவிட்டது. பிறகு சாயமிடாத பருத்தித் துணியை வாங்கி, கஞ்சிப்பசை போக இரண்டுதரம் அலசித்தான் பயன்படுத்துகிறோம்.

கடல் தண்ணீர் வேறு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் நனைந்த சித்தி வீட்டுக் காணி உறுதிப் பொதியை அப்படியே வெயிலில் காயவைத்திருந்தார்கள். பல வருஷம் கழித்தும் ஒவ்வொரு மாரிக்கும் அது நசநசத்தது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். அன்றே நல்ல தண்ணீரில் தட்டையான தட்டில் வைத்து அலசியிருக்கலாம், மை கரையாது என்று ஒரு மூலையில் சோதித்தபின்.

இப்போது ஏடுகள் இருப்பது நகரத்து வீட்டில், வெளிச்சுவரோடு ஒட்டாத ஒரு அலுமாரியில், தரையிலிருந்து ஒரு அடிக்கு மேலே. ஒவ்வொரு கட்டுக்கும் மேலும் கீழும் மரச்சட்டம். ஒரு துளையில் பருத்திக் கயிறு, மற்றத் துளையில் நாராசம் என்கிற மூங்கில் குச்சி. கயிற்றின் நுனிக்குப் பழைய முறைப்படி ஓலையில் கிளிமூக்கு என்கிற முனைத்துண்டு வெட்டிப் போட்டிருக்கிறோம், அதை மாஸ்டரே செய்து தந்தார். கயிற்றை இறுக்கிச் சுற்றுவதில்லை, மாரியில் ஓலை சற்று ஊதும், இறுக்கினால் துளை கிழியும். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்துக் கற்பூரம் சேர்த்து முடிச்சாக வைப்பார்கள். நாங்களும் அப்படியே வைக்கிறோம், ஓலையில் படாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக. ஈரமானி ஒன்று உள்ளே இருக்கிறது. ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லை வறுத்துப் புதிதாக வைப்போம். கச்சானில் 45 க்குக் கீழே போனால் அலுமாரியைத் திறக்காமலே விட்டுவிடுவோம். இவ்வளவு செய்தும் எனக்குத் தெரிகிற உண்மை, மருந்தைவிட இந்த ஈரமானிதான் ஏட்டைக் காப்பாற்றுகிறது.

படமெடுப்பதற்குப் பெரிய கருவி தேவைப்படவில்லை. கைபேசியை ஒரு தாங்கியில் நேராகக் கீழ்நோக்கிப் பொருத்தி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவு வெளிச்சம் வைத்து, ஓலைக்குக் கீழே ஒரு அளவுகோலும் எண் எழுதிய துண்டும் வைத்து எடுத்தோம். மை போன ஓலையை ஒரு பக்க விளக்கைத் தாழ்த்திச் சாய்வொளியில் எடுத்தால் கீறல் நிழலாய் விழும், மையாடாமலே வாசிக்கலாம். வெறும் ஓலையையும் எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தது படமாகாது, அது சுருக்கிவிடும். மூலக்கோப்பை இரண்டு வன்தட்டில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வைத்திருக்கிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏடுகளும் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எங்களுக்குத் தெரிந்த துயரம். 2005 முதல் நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிமமாக்கி எல்லோரும் பார்க்க வைத்து வருகிறது. அதைப் பார்த்துத்தான் எங்கள் கோப்புகளுக்கும் ஒழுங்காகப் பெயரிடப் பழகினோம். குடும்பத்தில் சிலருக்கு மாந்திரீகக் கட்டு வெளியே போவதில் சம்மதமில்லை. அதைப் படமெடுத்துக் குடும்பத்தோடு வைத்துக்கொண்டோம். அவர்களைச் சம்மதிக்கவைக்க நான் முயலவுமில்லை, அது அவர்கள் வீட்டுப் பொருள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் ஒரு கட்டை நினைவுக்கு எடுத்துப்போகக் கேட்டார். பழைய ஏடுகளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்று சொல்லி, படங்களைக் கொடுத்தோம்.

வருஷத்துக்கு இரண்டு முறை, தை பிறந்து மழை விட்டதும் ஒருமுறை, புரட்டாதியில் மழைக்கு முந்தி ஒருமுறை, எல்லாக் கட்டையும் எடுத்துப் பார்க்கிறோம். எண்ணுகிறோம். மாஸ்டர் இப்போது இல்லை. கொப்பியில் அவருடைய கையெழுத்தில் முதல் மூன்று கட்டின் கணக்கு இருக்கிறது, அதன் கீழேதான் நாங்கள் எழுதிக்கொண்டு போகிறோம்.

பதினாறாவது கட்டும் பதினேழாவது கட்டும் இன்னும் பிரித்து முடிக்கப்படவில்லை. பதினாறாவது நாங்கள் தேங்காயெண்ணெய் தடவியது, அதை ஓரத்திலிருந்து இரண்டு ஓலை, மூன்று ஓலை என்று எத்தனால் பஞ்சால் பிரித்து வருகிறேன். இதுவரை பதினொன்று வந்திருக்கிறது. பதினேழாவது பெட்டியின் ஓட்டை மூலையில் இருந்தது. மழை இறங்கி, கறையான் மண் ஏறி, செங்கல் மாதிரி ஒரே கட்டியாகிவிட்டது. ஓரத்தில் ஒரு வரி மட்டும் தெரிகிறது, அது வைத்தியமா பாட்டா என்று சொல்ல முடியவில்லை.

இந்தத் தையில் மருமகன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமி, ஆவியில பிடிச்சு, மெல்லிசான கத்தியால ஒருக்கால் பாப்பமே?”

“வேண்டாமடா. எங்களுக்கு இன்னும் அந்த வேலை தெரியாது.”

“அப்ப எப்ப?”

“தெரிஞ்ச ஆள் வரட்டும். இல்லாட்டி நீ படிச்சிட்டு வா.”

அவன் தூரிகையால் மேலே இருந்த தூசியை மட்டும் தட்டினான். நான்கு பக்கமும் படமெடுத்தோம், நிறுத்துப் பார்த்தோம், போன புரட்டாதியில் இருந்த அதே நிறை. கொப்பியில் திகதி போட்டு, ஈரமானியில் 57 என்று எழுதினான். துணியைச் சுற்றி அலுமாரியில் வைத்தோம்.